எதிர்வீட்டுக் கூரையில் 600, அப்பா வீட்டில் 450

கெப்பாலா பத்தாஸில் அப்பா வீட்டுக் கூரையில் 2023-இல் பத்து சோலார் பேனல்கள் ஏறின. எதிர்வரிசை வீட்டிலும் அதே மாதம், அதே நிறுவனம், அதே 550 வாட் பேனல்கள் பத்து. இரண்டு வீடுகளுக்கும் நடுவே இருப்பது ஒரு தாமான் சாலை மட்டுமே. ஆனால் மாதக் கடைசியில் கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்த்தால், எதிர்வீட்டில் 600 யூனிட்டை ஒட்டி வந்திருக்கும். எங்கள் வீட்டில் 450-ஐத் தாண்டுவதே அபூர்வம்.

அப்பா சும்மா இருப்பாரா? நிறுவனத்துக்குப் போன் செய்தார். "வெயில் சரியில்லை அங்கிள்" என்று பதில் வந்தது. எதிர்வீட்டுக்காரருக்கு வேறு சூரியனா என்று அப்பா கேட்டபோது அந்தப் பக்கம் சத்தமில்லை. "ஏம்மா, பேனல் டூப்ளிகேட்டா இருக்குமோ?" என்று என்னிடம் கேட்டார்.

நான் வானொலியில் காலை நிகழ்ச்சி செய்பவள். சோலார் என்று பேச்செடுத்தாலே நேயர்களும் இதைத்தான் முதலில் கேட்பார்கள்: எந்த பிராண்ட் நல்லது? அப்பா வீட்டுக் கூரையைக் கூர்ந்து பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வியின் மேல் மரியாதை குறைந்துவிட்டது. பிராண்ட் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். பேனல் எங்கே உட்கார்ந்திருக்கிறது, அதன் மேல் என்ன விழுகிறது, அதன் கீழே என்ன இருக்கிறது என்பவைதான் பில்லை எழுதுகின்றன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மின்பணி செய்யும் நண்பர் ஒருவர் ஏணியோடு வந்தார். (நீங்களாக ஏறாதீர்கள். வெயில் இருக்கும்வரை பேனல் வரிசையில் நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வீட்டு மெயின் சுவிட்சை அடைத்தாலும் அந்த வயரில் உயிர் இருக்கும்.) அவர் மேலே போய்ப் பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கூரையிலிருந்தே கேட்டார்: "அந்த மாமரம் யாருடையது?"

அம்மாவுடையது. வீடு வாங்கிய வருடம் வைத்தது.

மதியம் 2 மணிக்கு மேல் அந்த மரத்தின் ஒரு கிளை, கீழ் வரிசையில் நான்கு பேனல்கள் மேல் நிழல் போட்டது. நான்கிலும் முழு நிழல்கூட இல்லை, ஓரங்களில் விழும் நிழல்தான். அவ்வளவுக்கு என்ன ஆகிவிடும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். ஆனால் ஒரு பேனலுக்குள் இருக்கும் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டவை. தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ரப்பர் குழாய் ஓரிடத்தில் மடங்கினால் முழுக் குழாயிலும் தண்ணீர் குறைவதுபோல, ஒரு செல் நிழலில் மாட்டினால் அதோடு கோத்த எல்லாம் மந்தமாகும். இதைச் சமாளிக்க ஒவ்வொரு பேனலிலும் வழக்கமாக மூன்று பைபாஸ் டையோடுகள் வைக்கிறார்கள். அவை நிழல் பட்ட பகுதியை ஒதுக்கிவிட்டு மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும். அதாவது கையகல நிழலுக்குப் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம். இப்போது வரும் பாதி வெட்டிய செல் பேனல்கள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நிழலைத் தவிர்க்கவே முடியாத கூரைகளில் ஒவ்வொரு பேனலுக்கும் தனியாக ஆப்டிமைசர் அல்லது மைக்ரோ இன்வெர்ட்டர் மாட்டலாம். நிழல் இல்லாத கூரையில் அதற்குக் காசு கொடுப்பது வீண் என்பது நண்பரின் கருத்து. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

அடுத்து வெப்பம். இதைப் பலர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். சோலாருக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. பெட்டியில் 550 வாட் என்று போட்டிருக்கிறார்களே, அது ஆய்வுக்கூடத்தில் செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது அளந்தது. நம் ஊர் மதிய வெயிலில் பேனல் 60 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும். வீடுகளுக்குப் போடும் சிலிக்கான் பேனல்களில் ஒவ்வொரு டிகிரி ஏற்றத்துக்கும் ஏறக்குறைய 0.35 விழுக்காடு குறையும். 35 டிகிரி ஏற்றம் என்றால் 12 விழுக்காடு. 550 வாட் பேனல் உச்சி வெயிலில் 485 வாட்டுக்கும் கீழே இறங்குகிறது. இந்த விகிதம் வகைக்கு வகை மாறும். நமக்குப் பக்கத்திலேயே, கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில், அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் தயாரிக்கும் காட்மியம் டெலுரைட் மெல்லிய படலப் பேனல்கள் சூட்டை இன்னும் கொஞ்சம் நன்றாகத் தாங்கும். ஆனால் அவை பெரும்பாலும் பெரிய சோலார் பண்ணைகளுக்குப் போகின்றன, தாமான் வீட்டுக் கூரைக்கு வருவதில்லை.

வீட்டில் நாம் செய்யக்கூடியது ஒன்றுதான்: காற்று விடுவது. எங்கள் பேனல்கள் தகரக் கூரையோடு ஒட்டினாற்போல் கிடந்தன. கைவிரல்கள் நுழையும் இடைவெளிகூட இல்லை. நான்கைந்து அங்குலம் தூக்கி வைத்தால் கீழே காற்று ஓடும், சூடு இறங்கும். பத்து டிகிரி இறங்கினால் லாபம் மூன்றரை விழுக்காடு. மாதம் 600 யூனிட்டில் இருபது யூனிட். பெரிய தொகை இல்லைதான், ஆனால் இருபத்தைந்து வருடம் கூரையில் கிடக்கப்போகும் பொருள். போடும்போதே கேட்டு வாங்கினால் செலவே இல்லாமல் கிடைத்திருக்கும். இன்வெர்ட்டரையும் மேற்குச் சுவரில், பிற்பகல் வெயில் நேராக அடிக்கும் இடத்தில் மாட்டியிருந்தார்கள். சூடு ஏறினால் அது தன்னைக் காத்துக்கொள்ள உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலே ஒரு சின்னப் பந்தல் போதும்.

சிலர் மதியத்தில் பேனல் மேல் தண்ணீர் பீய்ச்சிக் குளிர வைக்கச் சொல்கிறார்கள். வேண்டாம். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம்.

எதிர்வீட்டுக் கூரை கிழக்குச் சரிவு, எங்களுடையது மேற்கு. அதனால்தான் குறைகிறது என்று அப்பா கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டில் உள்ள உறவினர் ஒருவர் தெற்கு நோக்கித்தான் வைக்க வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி வேறு. தமிழ்நாட்டுக்கு அது சரி. கெப்பாலா பத்தாஸ் பூமத்திய ரேகைக்கு ஐந்தரை டிகிரிதான் வடக்கே. ஏப்ரல் முதல் வாரத்தில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அதன்பின் செப்டம்பர் இரண்டாம் வாரம் வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கிறது. மீதி மாதங்களில் தெற்கே. ஆகவே சாய்வு குறைந்த கூரையாக இருந்தால் எந்தத் திசையானாலும் ஆண்டுக் கணக்கில் பெரிய வித்தியாசம் வராது. பிற்பகல் இடிமழை அதிகமாகும் மாதங்களில் கிழக்குச் சரிவு சற்று முந்தும், அவ்வளவே. படுக்கையாக மட்டும் வைக்கக்கூடாது. பத்து டிகிரியாவது சாய்வு இருந்தால்தான் மழை அழுக்கைக் கழுவிக்கொண்டு போகும்.

அழுக்கும் ஊருக்கு ஊர் வேறுதான். தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சோலார் மின்நிலையம் திறந்தார்கள். ஏறக்குறைய 2,500 ஏக்கர். அது வறண்ட பூமி, புழுதிதான் எதிரி. அதனால் தண்ணீர் செலவழிக்காமல் ரோபோக்களை வைத்துத் துடைக்கிறார்கள். அந்த ரோபோக்களும் சூரிய ஒளியிலேயே சார்ஜ் ஆகின்றன. நமக்குப் புழுதி பெரிதில்லை, மழை பார்த்துக்கொள்ளும். இங்கே பிரச்சினை பேனலின் கீழ் விளிம்பில் தேங்கும் ஈரமும் அதில் படியும் பாசியும். அத்துடன் புறா, மைனா எச்சம். அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும் நாட்களில் வயலோரத் தாமான்களில் படியும் கரி. வருடத்துக்கு இரண்டு முறை, விடியற்காலையில், மென்மையான துடைப்பானும் வெறும் தண்ணீரும் போதும்.

இதெல்லாம் கூரைக் கதை. வயலுக்குப் போக வேண்டியிருப்பதற்குக் காரணம், அப்பாவோடு தினமும் காலையில் தே தாரிக் குடிக்கும் ஒரு பாக் சிக். பெர்த்தாம் பக்கம் குத்தகை நிலத்தில் நெல் போடுகிறார். எங்கள் வீட்டு ஆராய்ச்சியைக் கேட்டுக்கொண்டிருந்தவர் ஒருநாள் என்னிடம் கேட்டார்: நில உரிமையாளரைச் சோலார் பண்ணைக்காக ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பேனலுக்குக் கீழே நெல் விளையுமா?

விளையாட்டாகக் கேட்கவில்லை. விளையும் என்றால் நிலத்தில் தொடரலாம் என்று அவர் உரிமையாளரிடம் பேசிப் பார்க்க முடியும். விளையாது என்றால் அடுத்த பருவத்துக்கு நிலம் இல்லை. சுங்கை பட்டாணிக்கு அருகே புக்கிட் செலாம்பாவ்வில் தெனாகாவின் 30 மெகாவாட் பண்ணை ஏற்கனவே ஓடுகிறது. வடக்கு மாநிலங்களில் வெயில் நன்று, நிலம் சமம். நெல்லுக்கு எது நல்ல இடமோ அதுவே சோலாருக்கும் நல்ல இடமாகிவிடுகிறது.

ஒரே நிலத்தில் இரண்டையும் செய்யும் யோசனை புதிதல்ல. ஜெர்மானிய இயற்பியலாளர் அடால்ஃப் கோட்ஸ்பெர்கர் தம் சகாவோடு சேர்ந்து 1981-லேயே உருளைக்கிழங்கு வயலுக்கு மேல் பேனல் வைக்கலாம் என்று எழுதினார். பேனலை உயரத்தில் வைத்து, வரிசைகளுக்கு நடுவே இடம் விட்டால் கீழே பயிர்க்கு ஒளி கிடைக்கும் என்பது அவர் கணக்கு. அவர் நிறுவிய ஃபிரௌன்ஹோஃபர் ஆய்வுக்கழகம் பல ஆண்டுகள் கழித்து, ஹெகெல்பாக் என்ற பண்ணையில் ஐந்து மீட்டர் உயரத்தில் பேனல் வைத்துச் சோதித்தது. 2017-இல் கோதுமை, உருளைக்கிழங்கு, செலரி மூன்றிலும் விளைச்சல் 18, 19 விழுக்காடு குறைந்தது. அடுத்த வருடம் கடும் வெயில், வறட்சி. அப்போது அதே நிலத்தில் கோதுமை 3 விழுக்காடும் உருளைக்கிழங்கு 11 விழுக்காடும் செலரி 12 விழுக்காடும் அதிகம் விளைந்தன. வெயில் மிஞ்சும்போது நிழல் உதவி, வெயில் போதாதபோது அதே நிழல் திருட்டு.

பேனலுக்கும் இதில் லாபம் உண்டு. கீழே செடி இருந்தால் அது வெளிவிடும் நீராவி காற்றைக் குளிரச் செய்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் செய்த ஆய்வு 2019-இல் வெளியானது. பேனலின் கீழே ஒருவகைக் காட்டு மிளகாய் மூன்று மடங்கு காய்த்தது, சிறு தக்காளி இரண்டு மடங்கு. செடியின் மேலிருந்த பேனல்கள் வெறும் தரைமேல் இருந்தவற்றைவிடப் பகலில் ஏறக்குறைய 9 டிகிரி குளிர்ந்திருந்தன. படிக்கும்போது ஆசையாக இருக்கிறது. ஆனால் அது பாலைவனம். அங்கே காற்று காய்ந்து கிடப்பதால் நீராவி சட்டென்று எழும்பும். நம் காற்று ஏற்கனவே வியர்த்து வழிகிறது, அதே அளவு குளிர்ச்சியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. சோலார் விற்பவர்கள் அரிசோனா எண்ணைக் காட்டினால் இதைக் கேளுங்கள்.

நம் நாட்டில் இதைச் செய்து பார்த்தவர்கள் செர்டாங்கிலுள்ள புத்ரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள். பேனல்களுக்குக் கீழே அவர்கள் நட்டது மிசாய் கூச்சிங், நம் நாட்டு மருந்துக் கடைகளில் பூனைமீசை. உயரமாக வளர்ந்து பேனலை மறைக்காது, அரை நிழலில் பிழைக்கும், இலையைக் காயவைத்துத் தேநீராக விற்கலாம். நல்ல தேர்வு. இஞ்சி, மஞ்சள் இரண்டும்கூட அரை நிழலைப் பொறுக்கும். வெற்றிலையைச் சொல்லவே வேண்டாம். தமிழ்நாட்டுக் கொடிக்கால்களில் நிழலுக்கென்றே அகத்தியை நட்டுத்தான் வெற்றிலையை ஏற்றுகிறார்கள். அகத்தி செய்யும் வேலையைப் பேனல் செய்தால் கொடி கோபித்துக்கொள்ளாது.

ஆடு வளர்ப்பவர்கள் கேட்பதுண்டு, புல்லை மேய விடலாமா என்று. செம்மறியை விடலாம், பல நாடுகளில் விடுகிறார்கள். வெள்ளாட்டை விட்டால் பேனல் மேல் ஏறி நிற்கும், வயரையும் கடித்துப் பார்க்கும்.

நெல் வேறு ரகம். அதற்கு ஒளி வேண்டும், அதுவும் கதிர் பால் பிடிக்கும் காலத்தில் நிறையவே வேண்டும். இதில் அதிகம் பட்டறிந்தவர்கள் ஜப்பானியர்கள். விளைநிலத்தில் பேனல் வைக்க அவர்கள் 2013-இல் அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனை போட்டார்கள்: அந்த வட்டாரத்தின் சராசரி விளைச்சலில் 80 விழுக்காட்டுக்குக் கீழே போகக்கூடாது. அங்கே நெல் வயல்களில் செய்த ஓர் ஆய்வு, அந்த 80 விழுக்காட்டைக் காப்பாற்ற வேண்டுமானால் நிழல் 27 முதல் 39 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. வழக்கமான சோலார் பண்ணைபோல நெருக்கி அடுக்கினால் நடக்காது. இடைவெளி விட வேண்டும், அறுவடை இயந்திரம் நுழையுமளவுக்கு உயர்த்த வேண்டும், சேற்று நிலத்தில் அந்த உயரத்தைத் தாங்க அடித்தளம் ஆழமாகப் போக வேண்டும். எல்லாம் பணம். அத்துடன் நமக்கு மேகம் அதிகம், ஒளி அங்கேயே பாதி தொலைகிறது.

பாக் சிக்கிடம் நான் சொன்னது இதுதான்: விளையும், ஆனால் குறையும். உரிமையாளரிடம் பேசும்போது உயரம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, குறையும் விளைச்சலுக்கு ஈடு யாருக்கு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பெர்த்தாமிலேயே மார்டியின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, நெல் ரகங்களைப் பற்றி அவர்களைவிட அறிந்தவர் இங்கே யாரும் இல்லை. பேனல் நிழலில் எந்த ரகம் தாங்கும் என்பதை நம் வயலிலேயே ஒரு துண்டில் போட்டுப் பார்க்க வேண்டும். அரிசோனாவும் ஜப்பானும் அதைச் சொல்லித் தராது.

என் சொந்த எண்ணத்தைக் கேட்டால், நெல் வயல் கடைசி இடமாக இருக்கட்டும். தொழிற்சாலைக் கூரை, அரிசி ஆலைக் கூரை, கோழிக் கொட்டகை, வாகன நிறுத்துமிடம் எல்லாம் இன்னும் வெறுமையாகக் கிடக்கின்றன. குஜராத்தில் 2012-லேயே நர்மதை வாய்க்காலுக்கு மேல் கூரைபோலப் பேனல் போட்டு ஒரு மெகாவாட் எடுத்தார்கள். நிலம் தேவையில்லை, வாய்க்கால் நீர் ஆவியாவதும் குறையும். சிங்கப்பூர் 2021-இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் மேல் 1,22,000 பேனல்களை மிதக்கவிட்டது. அங்கே முன்னோட்டமாகச் செய்த சோதனையில், மிதக்கும் பேனல்கள் கூரைப் பேனல்களைவிட 5 முதல் 15 விழுக்காடு கூடுதலாகத் தந்தன. தண்ணீரின் குளிர்ச்சிதான் காரணம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: இருபுறமும் ஒளி வாங்கும் பேனலைத் தண்ணீர் மேல் வைத்தால் அடிப்பக்கத்துக்கு அதிகம் கிடைக்காது. சூரியன் உச்சியில் இருக்கும்போது தண்ணீர் ஒளியைத் திருப்பி அனுப்புவது மிகக் குறைவு. அந்த வகைப் பேனலுக்கு வெள்ளைச் சிமெண்ட் தரைதான் பொருத்தம்.

வீட்டுக் கூரைக்குத் திரும்புவோம், ஏனென்றால் இப்போது கணக்கே மாறியிருக்கிறது. அப்பா சேர்ந்த நெம் 3.0 திட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு மூடப்பட்டது. புதிதாகப் போடுபவர்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து சோலார் ஆத்தாப். அதில் மிஞ்சிய மின்சாரத்துக்கான கழிவு அந்த மாத பில்லோடு சரி, அடுத்த மாதத்துக்குத் தூக்கிப்போக முடியாது. ஆகவே பெரிதாகப் போட்டுக் குவிப்பதில் லாபமில்லை. பகலில் வீட்டில் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து அதற்கு ஏற்ற அளவு போடுவது நல்லது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் துணி இயந்திரத்தை டைமர் வைத்து மதியத்துக்கு மாற்றினாலே வித்தியாசம் தெரியும். கிழக்கில் பாதி, மேற்கில் பாதி என்று பேனலைப் பிரித்தால் உற்பத்தி காலையிலிருந்து மாலை வரை பரவி வரும். அதற்கு இன்வெர்ட்டர் இரண்டு வரிசைகளைத் தனித்தனியாகக் கையாளக்கூடியதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் மாமரம் இன்னும் நிற்கிறது. கிளையை வெட்டலாமா என்று கேட்டதற்கு அம்மா பதிலே சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நிழலில் இருந்த நான்கு பேனல்களில் மூன்றை மேல் வரிசைக்கு ஏற்றினோம், எல்லாவற்றையும் ஐந்து அங்குலம் தூக்கினோம், பாசியைக் கழுவினோம், இன்வெர்ட்டருக்குப் பந்தல் போட்டோம். ஆயிரம் வெள்ளியைத் தொட்டது செலவு. முதல் முழு மாதத்தில் 560 யூனிட் வந்தது. எதிர்வீட்டை எட்டிப் பிடிக்கவில்லை. நான்காவது பேனல் இன்னும் மதியம் 3 மணிக்கு நிழலில்தான் இருக்கிறது, அப்பாவும் தினமும் அந்த நேரத்துக்கு வெளியே வந்து அதை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

பாக் சிக்குக்கு உரிமையாளரிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. மூடா ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டதால், போன வாரம் விதை தெளித்துவிட்டார்.